மேசையில் வைத்த திறப்பு

தம்பி,

உன் அம்மாவுக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். முறைக்கு நலம் சொல்லியாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன். கடையைக் கொடுத்துவிட்டேன். புதன்கிழமை விற்பனை உறுதி எழுதி, கடைப் பூட்டின் திறப்பையும் கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில், கலியாணம் முடிந்த கையோடு லண்டன் வேலையை விட்டுவிட்டு நீயும் துளசியுமாகச் சுன்னாகத்துக்கு வந்து கடையை எடுத்து நடத்தப் போகிறோம், அதுவரைக்கும் யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்டாய். நீ அப்படிக் கேட்ட பிறகுதான் கொடுத்தேன். கேட்டபடியால்தான் கொடுத்தேன் என்றும் வைத்துக்கொள். உனக்குக் கோபம் வரும், வரட்டும். ஆறின பிறகு இதை இன்னொரு தடவை எடுத்து வாசி. இதையெல்லாம் தொலைபேசியில் சொல்ல எனக்கு வராது. நீ அங்கே 'ம், ம்' என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் ரயில் போகும், எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும்.

துளசி அனுப்பிய பெயர்ப்பலகைப் படம் வந்தது. நீலத்தில் எழுத்து, பக்கத்தில் ஒரு சுத்தியல், கீழே எங்கள் கடை தொடங்கிய வருஷம். வடிவாக இருக்கிறது. கடை இல்லாததுதான் ஒரே குறை. அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிடு. லண்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளை, இரும்புக்கடை என்றவுடன் மூக்கைச் சுளிக்காமல் படம் கீறத் தொடங்கியதே, அதுவே பெரிய காரியம். நான் கலியாணம் முடித்து இந்தக் கடைக்குள் முதல் முதல் காலடி வைத்தபோது கிறீஸ் மணத்தில் குமட்டி எனக்குச் சத்தி வந்தது.

ஆனால் இந்தக் கடிதம் எழுத வைத்தது அதுவல்ல. கடைசியில், தொலைபேசியை வைக்கப்போகும் நேரத்தில், நீ ஒன்று சொன்னாய். "அப்பா கடைசி வரைக்கும் கடைத் திறப்பை என்ரை கையிலை தரேல்லை, அம்மா. தூக்கி மேசையிலை போட்டிட்டு எழும்பிப் போயிட்டார். நீங்களெண்டாலும் தாங்கோ, நான் வாறன்." நான் பிறகு கதைப்பம் என்று வைத்துவிட்டேன். பிறகு குசினிக்குள் போய் அழுதேன். உலையில் தண்ணீர் வற்றிப் பானை அடிப்பிடித்தது, அதுகூடத் தெரியாமல் அழுதேன். ஏனென்று நீ விளங்க வேண்டுமானால் உனக்குத் தெரியாத சிலதைச் சொல்ல வேண்டும். கடைக்காரன் மகனாகப் பிறந்தும் உனக்கு எங்கள் கடையைப் பற்றி ஒன்றும் தெரியாது, தம்பி.

உன் அப்பாவின் அப்பாவை நீ கண்டதில்லை. நான் மாமா என்று கூப்பிட்ட மனிதர். சந்தைக்குள் நிலத்தில் சாக்கை விரித்து மண்வெட்டியும் கதவுப் பிணைச்சலும் ஆணியும் பரப்பி வைத்து விற்கத் தொடங்கினவர். புகையிலையும் வெங்காயமும் நல்ல விலை போன காலத்தில் தோட்டக்காரர்கள் கல்வீடு கட்டினார்கள், அவர் சாக்கிலிருந்து எழும்பி சந்தைக்கு முன்னால் கடை வைத்தார். அவருடைய கடையில் ஒரு சட்டம் இருந்தது. இரும்பைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது. கத்தியோ, கோடரியோ, ஒரு சின்னத் திருகாணியோ, எடுத்து மேசையில் வைக்க வேண்டும். வாங்குகிறவர் மேசையிலிருந்து தன் கையால் எடுக்க வேண்டும். கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் இடையில் உறவு அறுந்துபோகும் என்பார். இது ஊரில் எல்லா வீட்டிலும் சொல்லுகிற கதைதான், ஆனால் மற்ற வீடுகளில் சொல்வதோடு சரி. மாமாவிடம் அது சட்டமாக இறுகிப் போனதற்கு ஒரு வழக்குத்தான் காரணம்.

ஒருவர் வந்து கொடுவாக்கத்தி ஒன்று வாங்கிக்கொண்டு போய், வேலியைத் தன் பக்கம் தள்ளிப் போட்டான் என்று பக்கத்து வளவுக்காரனின் கையில் வெட்டிவிட்டார். நம்முடைய ஊரில் ஒரு சாண் நிலத்துக்கு என்னென்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாததல்ல. பொலிஸ் மாமாவையும் சாட்சிக்கு இழுத்தது. நீதிமன்றத்தில் வழக்குப் பேசின அப்புக்காத்து, மாமாவைப் பார்த்து, இந்தக் கத்தியை இவருக்குக் கொடுத்தது நீர்தானே என்று கேட்டாராம். மாமா, "நான் குடுக்கேல்லை ஐயா. நான் வைச்சனான். எடுத்தது அவர்" என்றாராம். நீதவான் சிரித்துவிட்டார் என்று உன் அப்பா சொல்லுவார். மாமா சிரிப்புக்குச் சொல்லவில்லை. வைக்கிறவன் வைக்கத்தான் முடியும், எடுக்கிறது எடுக்கிறவனுடைய மனது என்று அவர் உண்மையாகவே நம்பினார். அதற்குப் பிறகு அந்த மேசையைத் தாண்டி ஓர் ஆணிகூடக் கைமாறவில்லை.

மாமாவுக்குப் பிறகு உன் அப்பா. அவருக்குக் கிடைத்தது இரும்பு இல்லாத இரும்புக்கடை. யுத்தத்தில் அரசாங்கம் சாமானுக்குத் தடை போட்டிருந்த அந்தக் காலத்தில் சீமெந்து வராது, கம்பி வராது, ஒரு புது ஆணி வராது. உடைந்த வீடுகளின் நிலைகளிலிருந்து கழற்றின ஆணிகளைக் கொண்டுவந்து தருவார்கள், உன் அப்பா அவற்றைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவார். நிமிர்த்தின ஆணிதான் எங்கள் வியாபாரம். மிச்ச இடத்தில் தென்னோலைக் கிடுகும் கயிறும் விற்றோம். பிறகு ஊரே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்த அந்த இடப்பெயர்வு வந்தது. அதற்கு முந்தின சில நாட்களில்தான், தம்பி, எங்கள் கடையில் ஒருநாளும் நடக்காத வியாபாரம் நடந்தது. எல்லாரும் பூட்டுக்கு வந்தார்கள். எங்கேயோ பழைய பெட்டிகளில் கிடந்த பூட்டுகளையெல்லாம் அப்பா தேடி எடுத்து, ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார், சனம் எடுத்துக்கொண்டு ஓடியது. கூரைக்கு மேல் ஆமிக்காரன் அடிக்கிற செல் கூவிக்கொண்டு போகிறது, இவர்கள் கதவுக்குப் பூட்டுப் போடுகிறார்கள். நாங்கள் வெளிக்கிடும்போது எங்கள் கடைக்குப் போட ஒரு பூட்டு மிச்சம் இல்லை. கட்டுக்கம்பியால் கட்டி முறுக்கிவிட்டு, நீ என் இடுப்பில், அப்பா சைக்கிளில் மூட்டை, அப்படி நடந்தோம். திரும்பி வந்தபோது எங்கள் கம்பி அறுபட்டுக் கிடந்தது, கடைக்குள் மேசையைத் தவிர ஒன்றும் இல்லை. சில வீடுகளில் பூட்டு அப்படியே தொங்கியது, சுவர்தான் இல்லை. அதைக் கண்டபோதே எனக்கு இந்த ஊரில் நம்பிக்கை விட்டுப் போனது. உன் அப்பாவுக்குப் போகவில்லை. அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த வித்தியாசம்.

அந்த வெறுங்கடையைத் திரும்பவும் நிரப்பின மனிதர் உன்னைக் கடைக்குள் விடமாட்டார். நினைவிருக்கிறதா? நான் உன்னிடம் சாப்பாட்டுக் கரியரைக் கொடுத்து அனுப்பினால், அதை வாசலில் வாங்கிக்கொண்டு, போய்ப் படி என்று கலைத்துவிடுவார். பாடசாலை முடியத் தனியார் வகுப்பு, அது முடிய இன்னொரு வகுப்பு, சனி ஞாயிறும் வகுப்பு. நீ எஞ்சினியராக வேண்டும், கையில் துரு படக்கூடாது. நானும் அதற்கு ஒத்துப் பாடினேன். ஊரில் எல்லா வீட்டிலும் அதுதான் நடந்தது, நாங்கள் மட்டும் என்ன விசேஷம். பிள்ளையைக் கடைக்கு வெளியில் நிற்பாட்டிப் படிப்பித்துவிட்டு, ஒருநாள் அவன் தானாக உள்ளே வந்து கடையின் பாஷையைப் பேசுவான் என்று எதிர்பார்த்த மனிதர்கள் நாங்கள். இதைவிட மொக்குத்தனம் வேறு என்ன இருக்கிறது, நீயே சொல்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். யுத்தம் முடிந்து பாதை திறந்து கொழும்பிலிருந்து லொறி லொறியாகச் சாமான் வந்துகொண்டிருந்த காலம். வீதியெல்லாம் வீடு கட்டினார்கள். மேசன்மார் கடை திறக்க முன்னரே வந்து வாசலில் நிற்பார்கள். கலியாணம் முடித்த நாளிலிருந்து உன் அப்பா சிரித்து நான் கண்ட காலம் அது ஒன்றுதான். உனக்கோ பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை, மாணவர் விசாவுக்குப் போட்டிருந்தாய். விசா கிடைத்ததைச் சொல்லப் பின்னேரம் கடைக்கு வந்தாய். நான் பின்பக்கம் பெயின்ற் வாளிகளுக்கு நடுவில் நின்றேன், என்னை நீ காணவில்லை. அப்பா கேட்டுவிட்டு எழும்பினார். இடுப்பில் செருகியிருந்த கடைத் திறப்பை எடுத்தார். எடுத்து மேசையில், வளையம் உன் பக்கம் இருக்கும்படி வைத்தார். பிறகு பின்னால் வந்து, என்னைக் கடந்து போய், பைப்பில் முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். நீ எடுப்பதானாலும் எடுக்காமல் விடுவதானாலும் அவருடைய முகத்தைப் பார்த்துச் செய்யக்கூடாது, உன் மனதால் செய்ய வேண்டும் என்றுதான் எழும்பி வந்தார். எனக்கு அது தெரியும். மாமாவின் பிள்ளைக்கு ஒரு பொருளைக் கொடுக்க வேறு வழி தெரியாது.

நீ அதைப் பார்த்தாய். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாய். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துப் போய்விட்டாய். அப்பா வந்து பார்த்தபோது திறப்பு வைத்த இடத்திலேயே கிடந்தது. "அவன் எடுக்கேல்லை. விடும். விருப்பமில்லாதவனிட்டை இரும்பைக் குடுக்கேலாது" என்றார். எடுத்துத் தன் இடுப்பிலேயே செருகினார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்வதானால் எனக்கு அன்றைக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நீ எடுத்திருந்தால் என்ற பயத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். பிள்ளை விளங்கித்தான் விட்டுவிட்டுப் போகிறான், புத்தியுள்ள பிள்ளை என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்பா போனபோது உனக்கு லண்டனில் தங்குகிற பேப்பர் வராத காலம், வர முடியவில்லை. பெரியப்பாவின் மகன்தான் கொள்ளி வைத்து, கீரிமலைக் கடலில் சாம்பலைக் கரைத்தான். நீ வீடியோவில் பார்த்ததாகப் பிறகு சொன்னாய், அலைச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை என்றும் சொன்னாய். திறப்பு என் இடுப்புக்கு வந்தது. இரும்புக்கடை மேசைக்குப் பின்னால் ஒரு கிழவி இருக்கிறாள் என்று மேசன்மார் கொஞ்சக் காலம் பகிடி பண்ணினார்கள். ஒருவன் வந்து, "அம்மா, அரை அங்குலக் கம்பி எண்டால் என்னெண்டு தெரியுமோ?" என்று கேட்டான். எடுத்து மேசையில் வைத்தேன், பேசாமல் எடுத்துக்கொண்டு போனான். பிறகு பகிடி நின்றது. கொஞ்சத்தில் மேசன்மாரும் நின்றுவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய வீதியில் குளிரூட்டி போட்ட கடைகள் வந்துவிட்டன. அங்கே கூடை கொடுக்கிறார்கள், எல்லாரும் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். மாமா கண்டிருந்தால் தன்னுடைய சட்டத்தைத்தான் களவெடுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருப்பார். இப்போது பிணைச்சல் கழன்றால் யாரும் பிணைச்சல் தேடி வருவதில்லை, கதவையே மாற்றி அலுமினியம் போடுகிறார்கள். வீடு கட்டுகிறவர்கள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள், கட்டிக் கொடுக்கிற கொந்திராத்துக்காரர் சாமானைக் கொழும்பிலிருந்து நேரே இறக்குகிறார். எனக்கு மிச்சமாக வந்தவர்கள் என் வயதுக்காரர்கள். எலிப்பொறிக்கு வருவார்கள். ஓர் ஆணி கேட்டு வருவார்கள். ஓர் ஆணி என்றாலே எனக்கு விளங்கிவிடும், யாருடையதோ படம் மாட்டப் போகிறார்கள். யார் என்று கேட்பேன், சொல்வார்கள், காசு வாங்க மாட்டேன்.

அது போக விற்றது ஒன்றே ஒன்றுதான், பூட்டு. இளம் பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட்டார்கள், இப்போது தாய் தகப்பனையும் கூப்பிடுகிறார்கள். போகிறவர்கள் வந்து நல்ல பாரமான பூட்டாகக் கேட்பார்கள். எப்போது திரும்பி வருவீர்கள் என்று முந்திக் கேட்பேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். செல்லும் இல்லை, ஆமியும் கலைக்கவில்லை, ஆனாலும் அந்தச் சில நாட்களில் உன் அப்பா பார்த்த வியாபாரத்தைத்தான் நான் ஆறுதலாக, வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டு மட்டும் போகிற ஊரில் நீயும் துளசியும் வந்து யாருக்கு மண்வெட்டி விற்கப் போகிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் யோசிக்காமல் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. வா என்று சொல்ல ஆசையாக இருந்தது. மெத்த ஆசையாக இருந்தது. அப்பா வைத்ததை இப்போது வந்து எடு, இதோ கிடக்கிறது என்று சொன்னால் இத்தனை காலப் பிழையும் சரியாகிவிடும் போல இருந்தது. ஆனால் சரியாகாது. அவர் வைத்தது ஆட்கள் வாசலில் நின்ற கடையின் திறப்பை. இப்போது உனக்குத் தர என்னிடம் இருந்தது அதே திறப்புத்தான், கடை வேறு. அதை எடுத்து நீ திறப்பாய், பின்னேரம் பூட்டுவாய், இடையில் மொய்க்கிற இலையான் கலைப்பாய். துளசி கொஞ்சக் காலம் பொறுப்பாள். நீ என்னைப் போல அந்தக் கதிரையில் இருந்து வீதியைப் பார்த்தே நரைத்துப் போவாய். அன்றைக்கு நீ விளங்கி எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்பாய். எனக்குத் தெரியாது, தம்பி. அப்பா இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருப்பாரோ என்று மட்டும் நினைக்கிறேன். நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

உனக்கும் துளசிக்கும் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஒன்றைத்தான் சொல்வேன். அவளுக்கு எதையாவது கொடுக்கும்போது, இது உனக்கு என்று வாயைத் திறந்து சொல். எதையாவது வேண்டாம் என்று விடும்போதும் வாயைத் திறந்து சொல். எங்கள் வீட்டு ஆம்பிளைகளுக்கு எல்லாம் தாங்கள் வைத்த இடத்தையும் வைத்த விதத்தையும் மற்றவர்கள் பார்த்து விளங்க வேண்டும் என்ற எண்ணம். உனக்கும் அது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சொன்னதை இத்தனை வருஷம் நெஞ்சுக்குள் வைத்திருந்தாயே, அது வேறு என்ன?

புதன்கிழமை, கடையை முந்தியே விலைக்குக் கேட்டிருந்தவன் வந்தான். நீர்வேலியில் வாழைத் தோட்டம் செய்கிற ஒருவரின் மகன், மரியாதையான பிள்ளை. கடைக்குள் என்ன வரப்போகிறது தெரியுமா? ஆங்கிலச் சோதனைக்கு வகுப்பும் விசா எடுத்துக் கொடுக்கிற அலுவலகமும். உன்னுடைய கலியாணத்துக்கு எனக்கு விசா மறுத்ததைக் கேள்விப்பட்டு, தானே இலவசமாகத் திரும்பப் போட்டுத் தருகிறேன் என்றான். நான் சிரித்துவிட்டேன், பாவம், ஏனென்று அவனுக்கு விளங்கவில்லை. மிச்சமாகக் கிடந்த சாமானையெல்லாம் பழைய இரும்புக்காரர் காலையிலேயே ஏற்றிவிட்டார். மேசை மட்டும் நின்றது. நான் இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து, பழக்கத்தில் மேசையில் வைக்கப் போனேன். அவன், "தாங்கோ அன்ரி" என்று கையை நீட்டினான்.

என் கை அப்படியே நின்றது. மேசையில் வைத்தால் அவன் எடுக்கும் வரைக்கும் அது எங்களுடையது. எடுத்த பிறகும் உறவு அறாது, போகிற வருகிற நேரம் எட்டிப் பார்க்கலாம், நீ வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம், பிறகு எப்போதாவது திரும்ப வாங்கலாம் என்று நீ கணக்குப் போடலாம். மாமா அந்தச் சட்டத்தை எதற்கு வைத்தாரோ, அதற்காகவே நான் அதை மீறினேன். திறப்பை அவன் கையிலேயே வைத்து, விரலை மடித்துவிட்டேன். அறட்டும் என்றுதான் கொடுத்தேன்.

இன்றைக்கு விடிய எழும்பிக் குளித்துச் சேலை உடுத்தினேன். கை தன்பாட்டில் இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. வாசல் படலை வரைக்கும் போய்விட்டு, எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நின்றேன். பிறகு வந்து இருந்து இதை எழுதுகிறேன். வேலையை விடாதே. இங்கே வராதே, தம்பி.

அம்மா